எந்தக் கையில்

பிள்ளை பன்னிரண்டரைக்குப் பால் குடித்தான், இனி மூன்றரைக்குத்தான் எழும்புவான். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். காலையில் பத்து மணிக்குக் கவுன்சிலர் நஸ்ரின் மேடத்திடம் போக வேண்டும், வெறுங்கையோடு போக முடியாது, ஆனால் பேனாவைத் திறந்ததும் கை ஸ்கேலைத் தேடுகிறது. மார்ஜின் போடாமல் ஒரு பக்கத்தைத் தொடங்க எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்தவளுக்கு மார்ஜின் இல்லாத தாள், உள்பாவாடை இல்லாமல் தெருவுக்கு வந்த மாதிரி இருக்கிறது. போன வாரம் மேடம் கேட்டபடி ஆஸ்பத்திரியில் தீப்பிடித்த அன்று நடந்ததை எழுதித்தான் கொண்டுபோனேன், ஒன்பது பக்கம், நீல மையில், ஓர் அடித்தல் இல்லாமல், முதலில் ஒரு தாளில் கிறுக்கி, பிழை பார்த்து, பிறகு புது நோட்டில் அழகாக எழுதி, அந்தக் கிறுக்கல் தாளைக் கிழித்து அடுப்புக்குக் கீழே இருக்கிற குப்பைக்கூடையில் போட்டேன். மேடம் ஒன்பது பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். "பெனிட்டா, நானும் கான்வென்ட்தான்" என்றார். "இது ஃபேர் நோட்டு. எனக்கு ரஃப் நோட்டு வேணும்." சிரித்தேன், அவரும் சிரித்தார், பிறகு ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார். புகைக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தேன், படிக்கட்டுக்கு ஒன்றரைப் பக்கம், தையல் இழுத்த வலிக்கு அரைப் பக்கம். அந்த வரி மட்டும் தனியாக நின்றது: குழந்தையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். "எந்தக் கையில எடுத்தீங்க?" என்று கேட்டார். குற்றம் கண்டுபிடிக்கிற குரல் இல்லை, உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்கிற குரல். நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். மடியில் கிடந்தன.

எந்தக் கையில். இரண்டு கையாலும் என்று சொல்லியிருக்கலாம், எல்லாரும் அப்படித்தான் எடுப்பார்கள். ஏன் சொல்லவில்லை. இந்த வீட்டில் இந்த நேரத்தில் சத்தமே இல்லை, ஆடி மாத மேல்காற்று மட்டும் மாடிக் கதவை அசைத்துப் பார்த்துவிட்டுப் போகிறது, தூரத்தில் துறைமுகத்து கிரேன் ஒன்று முனகுகிறது, அதில் என் வீட்டுக்காரர் லெஸ்லி உட்கார்ந்திருக்கலாம், அல்லது அவர் பக்கத்து கிரேனில் இருக்கலாம், எனக்கு எல்லா கிரேனும் ஒன்றுதான். ஆறரைக்கு வருவார். வந்தால் கதவைத் தட்டுவார், காலிங் பெல்லின் ஒயரை நான் பிடுங்கிவிட்டேன் என்று அவருக்குத் தெரியும், ஏன் என்று ஒரு முறை கேட்டார், புள்ள முழிச்சுக்கிடுது என்றேன், சரி என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார். நான் ராத்திரி ஏழெட்டுத் தடவை எழுந்து சுவிட்ச் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பது அவருக்குத் தெரியாது, சுவர் சூடாக இருக்கிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்ப்பது தெரியாது. குல்ஃபி வண்டிக்காரன் மணியை ஆட்டிக்கொண்டு போனால் மாடிப்படியின் மேல்படியில் போய் நிற்கிறேன், எப்படி வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன், செருப்பில்லாமல். இதெல்லாம் புகை நினைவு என்று மேடத்துக்குப் புரிகிறது. பவுடர்தான் அவருக்கும் புரியவில்லை. பிள்ளைப் பவுடரின் வாசம் பட்டால் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டுகிறேன். புகையில் மாட்டியவள் அடுப்புப் புகைக்குப் பயப்படலாம், ஒயர் கருகுகிற நாற்றத்துக்குப் பயப்படலாம், ரோஜா போட்ட வெள்ளை டப்பாவுக்குப் பயப்படுவாளா. டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, பவுடர் நெஞ்சில் சளி கட்டும் என்று யாரோ டாக்டர் சொன்னதாக மாமியிடம் பொய் சொன்னேன். இன்னொரு பொய். "போருக்குப் போய்ட்டு வர்ற சிப்பாய்க்குத்தானே மேடம் இதெல்லாம் வரும்?" என்று முதல் நாள் கேட்டேன். "அவங்களுக்கும் வரும். புள்ள பெத்தவங்களுக்கும் வரும்." "அங்க யாருக்குமே ஒண்ணும் ஆகலயே மேடம். பேப்பர்ல கூட நாலு வரிதான் போட்டான்." "பேப்பர்காரன் ஒங்க உடம்புக்குள்ள இல்லையே" என்றார். பிறகு சொன்னார், அதைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்: சில நாள் மட்டும் தேதி போடாமல் மனசுக்குள் போய்விடுகிறது, தேதி இல்லாததால் அது எப்போதும் இன்றைக்குத்தான், மணிச்சத்தம் கேட்டால் அது அப்போது நடந்தது என்று உடம்புக்குத் தெரிவதில்லை. அதை முழுசாக எழுதி, வாய்விட்டுப் படித்து, மறுபடி படித்து, மறுபடி படித்து, இது முடிந்துபோனது என்று உடம்புக்குச் சொல்லித்தர வேண்டும். முதலில் அதிகமாக வலிக்கும், விட்டுவிடக் கூடாது, தாங்கவில்லை என்றால் போன் பண்ணுங்கள் என்றார். போன் மேஜையில் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு மனுஷியை எப்படி எழுப்புவது. எழுப்பி என்ன சொல்வது.

சுவிட்ச் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் குளிர்ச்சி. இவன் தொட்டிலில் இல்லை, பாயில் என் பக்கத்தில், அரை அடி தூரத்தில் கிடக்கிறான், என் துப்பட்டாவின் ஒரு நுனி இவன் கணுக்காலில், தளர்வாக, ஒரு விரல் போகிற அளவு, மறுநுனி என் இடது மணிக்கட்டில். ஐந்து மாதமாக ராத்திரியில் இப்படித்தான். சுவிட்ச் பார்க்கப் போகும்போது அவிழ்த்துவிட்டு, வந்து மறுபடி கட்டிக்கொள்கிறேன். லெஸ்லி பகலில் தூங்குவதால் பார்த்ததில்லை. மாமி ஒரு நாள் விடியக்காலம் வந்து பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டாள். "பாரு, இவளுக்குப் புள்ள மேல உள்ள உசுர" என்று பக்கத்து வீட்டு ஷீபா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எம் மருமவள என்னன்னு நெனச்சே? வயித்துல தையலு ஈரங் காயல, புள்ளையத் தூக்கி நெஞ்சோட சேத்துக்கிட்டு மூணு மாடி எறங்கியிருக்கா. எம் மவன் லிப்ட்டு இல்லன்னா நாலு படி ஏற மாட்டான்." ஷீபா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆளு நூலு மாதிரி இருக்கா, இவளா?" என்றாள். "நூலுதான், ஆனா நைலான் நூலு. திமிங்கலத்தக் கட்டி இழுக்கும்." இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த முடிச்சு எதற்கு என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வேன். அவனை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நான் கட்டவில்லை. நான் போய்விடக் கூடாது என்று கட்டியிருக்கிறேன். ஞானஸ்நானத்தன்று சாமியார் பிரசங்கத்தில் அதைச் சொல்லிவிட்டார், மாமிதான் சொல்லிக் கொடுத்திருப்பாள், தன்னை மறந்து குழந்தையைக் காத்த இந்தத் தாயைப் போல என்று ஆரம்பித்ததும் கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது, நான் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மெழுகு விரலில் விழுந்தது, எடுக்கவில்லை. அன்று ராத்திரி லெஸ்லி லீவு, அதனால் முடிச்சுப் போடாமல் படுத்திருந்தேன். இருட்டில் என் வயிற்றுத் தழும்பின் மேல் கையை வைத்து, "அன்னிக்கு எப்படித் தூக்குன பெனி? வலிக்கலயா?" என்றார். "ஞாபகம் இல்ல." "அதான் அம்மாங்கிறது" என்றார். பிறகு தூங்கிவிட்டார். கட்டிலில் மூன்று பேர் இருந்தோம். அவ்வளவு தனியாக நான் ஆஸ்பத்திரியில் கூட இருந்ததில்லை.

சரி. எழுதுகிறேன். நடப்பதைப் போல எழுதச் சொன்னார் மேடம், நடந்ததைப் போல அல்ல. பிப்ரவரி பதினெட்டு, சாயங்காலம் நாலே முக்கால், நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், அடித்துவிட்டேன், உட்கார்ந்திருக்கிறேன். முதல் அடித்தல். பாழாய்ப்போன தாள், பார்க்கவே கூசுகிறது. பெட் நம்பர் பதினொன்று. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். அம்மா பிளாஸ்க்கில் சுடுதண்ணி வாங்கக் கீழே போயிருக்கிறாள். லெஸ்லி பகல் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருக்கிறார். எனக்கு வலது பக்கம் இரும்புத் தொட்டில், அதில் இவன், இவனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, அட்டையில் பெனிட்டாவின் ஆண் குழந்தை என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் சாத்துக்குடி உரிக்கிறேன். நகத்தில் தோல் எண்ணெய் பீய்ச்சுகிறது. எதிர்க்கட்டில்காரி பச்சை நைட்டியில் யாரிடமோ போனில், "அவியளுக்கு மட்டும் மீன் கொழம்பு, எனக்குப் பத்தியக் கஞ்சியா" என்று சண்டை போடுகிறாள். எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் தையல் இழுக்கும், அதனால் மூக்கால் சிரிக்கிறேன். இதெல்லாம் ஃபேர் நோட்டில் இல்லை. சாத்துக்குடியை ஏன் விட்டேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதையா மறைத்தேன். பிறகு மணி அடிக்கிறது. சங்கு மாதிரி ஊதவில்லை, மணிதான், கரண்ட் மணி, நிற்காமல், சுவர் அதிர. கீழே மின்பெட்டி எரிந்தது என்று மறுநாள் தெரிந்தது. அப்போது தெரியாது. யாரோ தீ தீ என்று கத்துகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஒன்று மேலே போகிறது, நான், நான் எழுந்து, பேனா நிற்கிறது. பார், இங்கேதான் நிற்கிறது. ஐந்தாம் பக்கத்திலும் இங்கேதான் நின்றது, அப்போது நான் ஒரு வரியைத் தூக்கிப் போட்டுத் தாண்டிவிட்டேன், பள்ளத்தின் மேல் பலகை போடுகிற மாதிரி. எழுந்து நின்றேன். நிற்கிறேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

மணி ஒன்றே முக்கால். இவன் வாயைச் சப்பிக்கொண்டான், கனவில் குடிக்கிறான். மணி. மணி என்று எழுதியதும் எனக்கு ஆஸ்பத்திரி மணி கேட்கவில்லை, அதுதான் விசித்திரம், கான்வென்ட் சிஸ்டர் கொன்சாகாவின் மணி கேட்கிறது. பித்தளை மணி, மரப்பிடி, அவர் அதை ஆட்டும்போது அங்கியின் கை முழங்கை வரை வழுகிக் காப்புத்தழும்பு மாதிரி ஒரு வெள்ளைக்கோடு தெரியும். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எந்த வெள்ளி என்று சொல்லமாட்டார்கள், மணி நிற்காமல் அடித்தால் தீ என்று அர்த்தம். பை வேண்டாம், டிபன் பாக்ஸ் வேண்டாம், எடுத்தது எதுவானாலும் அங்கேயே விடு. கர்ச்சீப் மூக்குக்கு. மற்றக் கை முன்னால் போகிறவளின் தோளுக்கு. ஓடாதே, பேசாதே, திரும்பிப் பார்க்காதே. மைதானத்தில் வரிசையில் நில், எண்ணி முடிக்கும் வரை அசையாதே. நேரம் குறைவாக எடுக்கிற வகுப்புக்கு லட்டு. ஆறாம் வகுப்பில் ஒரு முறை நான் திரும்பிப் போனேன். அப்பா துபாயிலிருந்து அனுப்பிய ஜியாமெட்ரி பாக்ஸ், மூடியில் கண்ணாடி வைத்தது, அதை எடுக்கப் போனேன், எங்கள் வகுப்பு பதினாறு வினாடி வித்தியாசத்தில் தோற்றது. சிஸ்டர் என்னை மணலில் முட்டி போட வைத்துக் குனிந்து மெதுவாகச் சொன்னார், "நீ இப்போ செத்துப்போயிட்ட பெனிட்டா. உன் பின்னால வந்த பன்னெண்டு பேரும் செத்துப்போயிட்டாங்க." பன்னிரண்டு பேரும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. மணி அடித்தால் சோற்றுக் கையோடு எழுந்தேன். பதினொன்றாம் வகுப்பில் காய்ச்சலில் பள்ளியின் சிக் ரூமில் கிடந்தபோது மணி அடித்து, போர்வையோடு போய் வரிசையில் நின்றேன், கைதட்டினார்கள். இதை எதற்கு எழுதுகிறேன். இதற்கும் அதற்கும், இரு. இரு. கர்ச்சீப்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் கர்ச்சீப் கிடையாது. ஆனால் படிக்கட்டில் என் மூக்கின் மேல் துணி இருந்தது. இருக்கிறது. வெள்ளைத் துணி, ஓரத்தில் மஞ்சள் வாத்து, இவன் தலைமாட்டில் மடித்து வைத்திருந்த துவாலை. நான் எழுந்து நிற்கிறேன், மணி அடிக்கிறது, சாத்துக்குடியை விடுகிறேன், வலது கை தொட்டிலுக்குள் போகிறது. போகிறது. இவன் கன்னத்தைக் கடந்து, கதகதப்பு விரலின் மேற்பக்கம் படுகிறது, துவாலையை எடுக்கிறது. துவாலையை மட்டும் எடுக்கிறது. மூக்குக்கு வைக்கிறது. பவுடர். அதனால்தான் பவுடர். மூன்று மாடியும் நான் புகையை மோக்கவே இல்லை, என் பிள்ளையைத்தான் மோந்துகொண்டு இறங்கினேன். இடது கை பச்சை நைட்டிக்காரியின் தோளில். அவள் தன் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி, "என்னக்கா, தள்ளாதிய" என்கிறாள். நான் தள்ளவில்லை, பிடித்திருக்கிறேன், அப்படித்தான் பிடிக்க வேண்டும். ஓடவில்லை. பேசவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. தையல் இழுக்கிறது, பரவாயில்லை. ஆம்புலன்ஸ் கொட்டகைக்குப் பக்கத்தில் எல்லாரும் அலறிக்கொண்டு அங்குமிங்கும் ஓடுகிறார்கள், நான் மட்டும் நேராக நிற்கிறேன், நன்றாகச் செய்தேன் என்று நினைக்கிறேன், இதை எழுதிவிட்டேன், நன்றாகச் செய்தேன் என்றுதான் நினைத்தேன், எண்ணட்டும் என்று காத்திருக்கிறேன். ஒரு நர்ஸ் வருகிறாள், கற்பகவல்லி, இருபது வயசு கூட இருக்காது, ஒரு காலில் செருப்பில்லை, கையில் ஒரு பொட்டலம், "பெட் பதினொண்ணு! பெட் பதினொண்ணு யாரு?" என்று கத்துகிறாள். யாரோ ஒருத்தி பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பாவி, எப்படி மனசு வந்தது என்று கூடத் தோன்றுகிறது. மறுபடியும் கத்துகிறாள். மூன்றாம் தடவை கத்தும்போது என் வலது கை துவாலையோடு மேலே போகிறது. அவள் வந்து என்னைப் பார்க்கிறாள், துவாலையைப் பார்க்கிறாள். "குடுங்கக்கா" என்று அதை வாங்கி, இவனை அதில் சுற்றி, என் கையில் வைக்கிறாள். "தூங்கிட்டுத்தான் இருந்தான். ஒண்ணும் ஆவல." பிறகு ஓடிவிட்டாள், இன்னும் மேலே ஆள் இருந்தது. அம்மாவும் லெஸ்லியும் மறு கேட் வழியாக வந்தபோது நான் வாத்துத் துவாலையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பார்த்தது அதைத்தான். அங்கே நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று ஊசியை எடுக்க வந்த கற்பகவல்லி குனிந்து, "நான் யார்ட்டயும் சொல்லலக்கா" என்றாள். நல்ல பிள்ளை. அந்த ஒரு வார்த்தையில் அது சொல்லக் கூடாத ஒன்றாகிவிட்டது.

இரண்டே முக்கால். எழுத்து கோட்டைவிட்டு இறங்கிவிட்டது, பரவாயில்லை. இது காரணமா, சாக்கா. பித்தளை மணியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் எழுந்து முட்டியைத் தட்டிக்கொள்ளப் பார்க்கிறேனா. பச்சை நைட்டிக்காரி எடுத்தாளே. அவள் எந்தப் பள்ளியில் படித்தாளோ. மேடம் இதற்கு என்ன சொல்வார், ஒங்க உடம்பு ஒங்களக் கேக்கல பெனிட்டா என்பார், கேட்க நேரமில்லாதபோது பழகினதைத்தான் செய்யும் என்பார், நான் நம்புவேன், பஸ்ஸில் திரும்பி வரும்போது பாதியில் நம்பிக்கை இறங்கிப் போய்விடும். மன்னிப்பு எனக்கு வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எனக்கு வேண்டியது யாராவது ஒருவர் இதைத் தெரிந்துகொண்டு என் பக்கத்தில் படுப்பது. லெஸ்லிக்குத் தெரிந்தால், தெரிந்தால் என்ன. பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு வா என்று சொல்வாரா. சரி என்பாரா. அந்தச் சரி எந்தச் சரியாக இருக்கும். நைலான் நூல் அறுந்துபோச்சாம் என்று மாமி ஷீபா அக்காவிடம் சொல்வாளா. காலையில் இதைப் பார்த்து இன்னொரு ஃபேர் நோட்டு எழுதிவிடலாம், இதைக் கிழித்து அடுப்புக்குக் கீழே போட்டுவிடலாம், நேரம் இருக்கிறது, மேடத்துக்கு மட்டும் ஒரு பிரதி, அவர் வெளியே சொல்லமாட்டார், அது அவர் தொழில். இன்னொரு கற்பகவல்லி. எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், மிக மெதுவாக, கொசுவுக்குக் கேட்கிற அளவு. வலது கை தொட்டிலுக்குள் போகிறது என்ற இடத்தில் குரல் போய்விட்டது. திரும்பப் படித்தேன். திரும்பப் போய்விட்டது, ஆனால் ஒரு சொல் தள்ளி. கதகதப்பு என்ற சொல் வரை வந்தேன். அந்தக் கன்னம் என் விரலில் பட்டது நிஜம், அதையும் இத்தனை நாள் சேர்த்து மறந்திருந்தேன்.

துப்பட்டா இழுக்கிறது. கணுக்காலை உதைக்கிறான், மணிக்கட்டு போகிறது, எழுத்து போகிறது. மூன்றரை ஆகவில்லை, மூன்று பத்துதான், இன்றைக்குச் சீக்கிரம். அழ ஆரம்பிக்கவில்லை, கூப்பிட்டுப் பார்க்கிறான். வந்துட்டேன் ராசா, வந்துட்டேன். எடுத்துவிட்டேன், பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன், இப்போது மறுபடி எழுதுகிறேன். இடது கை கழுத்துக்கு அடியில் போயிற்று, வலது கை இடுப்புக்கு அடியில், துணி நனைந்திருக்கிறது, கனம் முதலில் இடது முழங்கையில் இறங்கி, பிறகு நெஞ்சில் வந்தது, தலை வியர்த்து உப்பாக இருக்கிறது, முடிச்சை அவிழ்க்கவில்லை, அதுவும் கூடவே வந்தது. குடிக்கிறான். இடது கையில் இருக்கிறான், வலது கையில் பேனா. நோட்டு தரையில் வழுகுகிறது, ஒவ்வொரு வரிக்கும் ஒரு விரல் தள்ளிப் போகிறது. லெஸ்லி, இதை உங்கள் தட்டுக்குக் கீழே திறந்து வைக்கிறேன். எழுத்து இப்படி இருப்பதற்கு ஒன்றும் நினைக்காதீர்கள். நோட்டைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை இல்லை.